கோடியக்கரையில் ஒன்றுமில்லை என்று எழுதியவருக்கு

அன்புள்ள கும்பகோணத்து நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கோபமாக எழுதியிருக்கிறீர்கள், எழுத உங்களுக்கு உரிமை உண்டு. கடற்கரையும் காடும் ஒன்றாகச் சேர்ந்த இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு நாள் போதும் என்று நான் எழுதியதை நம்பி, மே மாதத்தில், மனைவி, பிள்ளைகள், மாமியார் சகிதம் கார் பிடித்துக் கோடியக்கரைக்குப் போயிருக்கிறீர்கள். உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்து, இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிட்டீர்கள். கடலில் அலை இல்லை. காடு என்று பார்த்தது வெறும் புதர். மிருகம் என்று கண்ணில் பட்டது குரங்கு மட்டும். அதுவும் சின்னவன் கையிலிருந்த சிப்ஸ் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. “பார்க்க என்ன சார் இருக்கிறது அங்கே?” என்று கேட்டுவிட்டு, அரசாங்கம் நல்ல ஓட்டல், படகுச் சவாரி, விளக்குப் போட்ட நடைபாதை எல்லாம் அமைத்தால் ஊர் உருப்படும் என்று யோசனையும் சொல்லியிருக்கிறீர்கள். யோசனைக்குக் கடைசியில் வருகிறேன்.

அலை விஷயத்தில் பிள்ளைகள் ஏமாந்தது இயல்பு. சென்னையிலிருந்து தெற்கு நோக்கியே வரும் சோழமண்டலக் கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. அந்த மூலைக்குக் கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. நீரிணை ஆழம் குறைந்த கடல். எதிரே யாழ்ப்பாணத் தீபகற்பம் குறுக்கே கிடக்கிறது. காங்கேசன்துறை அங்கிருந்து அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. ஆகவே மடங்கிய பக்கத்தில் தண்ணீர் பல நாள் அசையாமல் கிடக்கும், கால் வைத்தால் சேறு. மெரினாவை மனத்தில் வைத்துக்கொண்டு போனவருக்கு அது கடலாகவே தோன்றாது.

ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்கலாம். அங்கே உள்ள கடல் சாதாரணக் கடல். காடும், முதுமலையையோ டாப்ஸ்லிப்பையோ பார்த்தவருக்குச் சாதாரணக் காடுதான். இரண்டும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தில் ஒரு பட்டை இருக்கிறது. சில இடங்களில் சில நூறு அடி அகலம்தான் இருக்கும். அதைப் பார்க்கத்தான் போக வேண்டும். நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டு அதைக் கடந்துதான் தண்ணீருக்கு ஓடியிருப்பீர்கள்.

மறுபடி ஒருமுறை போங்கள். மார்கழி, தை மாதத்தில் போங்கள். விடிய நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். மாமியாரைச் சம்மதிக்க வைப்பது உங்கள் பாடு. திருவாரூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். திருத்துறைப்பூண்டி வரை சம்பா வயல் இரண்டு பக்கமும் கூடவே வரும். அதைத் தாண்டி வேதாரண்யம் நெருங்க நெருங்க மண் மாறுவதைக் கவனியுங்கள். காவிரி கொண்டுவந்து போட்ட களிமண் முடிந்து கடல் போட்ட மணல் தொடங்குகிறது. நெல் குறைந்து முல்லைத் தோட்டம், மாந்தோப்பு, தென்னை, பனை என்று ஊரின் முகமே வேறாகிவிடும். தென்னையும் மாவும் பல இடங்களில் இளசாகத் தெரியும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கத்தில்தான். ஒரே இரவில் தோப்பை இழந்து, மறுபடி கன்று வைத்தவர்கள் இவர்கள்.

வேதாரண்யத்தில் டீ குடியுங்கள், இட்லி சாப்பிடுங்கள். கோயிலுக்குள் போக மாமியாருக்கு ஆசை வரும். அப்பர் பாடிக் கதவு திறந்து, சம்பந்தர் பாடி மூடிய தலம். ஆசை வருவதில் வியப்பில்லை. ஆனால் அதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் வெயிலுக்கு முன் இருக்கிற ஒன்றரை மணி நேரத்தைக் கோயில் நடை எப்போது வேண்டுமானாலும் தரும் தரிசனத்துக்காக விட வேண்டாம்.

அவர் மனம் சமாதானமாக வழியில் வேறொரு கோயில் உண்டு. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இடையில் கோடியக்காடு என்ற ஊர். அங்கே குழகர் கோயில். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் சுந்தரர், சேரமான் பெருமாளோடு இங்கே வந்து ஒரு பதிகம் பாடியிருக்கிறார். மற்றத் தலங்களில் பொன் கேட்பார், நெல் கேட்பார், சண்டை போடுவார். இங்கே அவருக்குச் சிவனை நினைத்துக் கவலை வந்துவிடுகிறது. காற்று இப்படி அறைகிற கரைமேல் தனியாக இருக்கிறீரே, துணைக்கு யாருமில்லையா என்று கேட்கிறார். காடோ பெரிது, மரப்பொந்தில் ஆந்தையும் கூகையும் குழறுகின்றன, உடன் இருக்கும் அம்மை பயப்பட மாட்டாளா, இங்கே திரிகிற வேடர்களும் நல்லவர்களாகத் தெரியவில்லையே என்கிறார். பக்தி இலக்கியம் என்று அதை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு பயணியின் குறிப்பாகவும் படிக்கலாம். கடற்காற்றும் காட்டுக் கூகையும் ஒரே மூச்சில் அவர் காதில் விழுந்திருக்கின்றன. கோயில் வாசலில் கொஞ்சம் நில்லுங்கள், இப்போதும் அந்தக் காற்று இருக்கிறது.

இனிக் காடு. வனத்துறைச் சாவடியில் கட்டணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். எந்தப் பக்கம் நடக்கலாம், எந்தப் பக்கம் கூடாது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். வேட்டைத் தடுப்புக் காவலர் யாராவது உடன் வரச் சம்மதித்தால் உங்கள் அதிர்ஷ்டம். அநேகமாக உள்ளூர்க்காரராக இருப்பார். எந்த மேட்டில் எந்த நேரத்தில் மான் நிற்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

புதர் என்று எழுதியிருந்தீர்கள். உயரத்தை வைத்து அளந்தால் புதர்தான். மணலில் வேர் விட்டு, ஆண்டு முழுவதும் உப்புக் காற்றை வாங்கிக்கொண்டு நிற்கும் மரம் எவ்வளவுதான் உயரும்? இலையைத் தொட்டுப் பாருங்கள். சிறிய இலை, தடித்த தோல், பளபளப்பு. தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கிற இலை அது. இங்கே மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்கள் பெரும்பாலும் வறட்சி. அப்படியிருந்தும் இந்த மரங்கள் கோடையில் மொட்டையாவதில்லை. தாவரவியலில் இதை உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். சோழமண்டலக் கரை நெடுக ஒரு காலத்தில் இருந்தது இந்த வகைக் காடு. துறைமுகம், ஊர், முந்திரித் தோப்பு, சவுக்குத் தோப்பு என்று ஒவ்வொன்றாக வந்து அதைத் தின்றன. இப்போது கோயில்காடுகளில் கொஞ்சம், சென்னைக் கிண்டியில் கொஞ்சம் என்று துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிஞ்சியவற்றில் பெரிய துண்டுகளில் ஒன்று கோடியக்கரை. சோழமண்டலக் கரையின் பழைய முகம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இதைவிட்டால் அதிகம் இடமில்லை.

இந்தக் காடு கடல் ஓரம்வரை வந்து நிற்க முடிவதற்கு மணலுக்கு அடியில் ஒரு காரணம் இருக்கிறது. கடல் பின்வாங்கப் பின்வாங்க விட்டுச்சென்ற மணல் மேடுகள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. மேட்டில் விழுந்த மழை மணலுக்குள் இறங்கி, கீழே ஊறி நிற்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. மரம் மேட்டில் நின்று அந்த நல்ல தண்ணீரைக் குடிக்கிறது. மேட்டுக்கு மேடு இடையில் உள்ள பள்ளத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும், வெயில் காலத்தில் உப்பு மேலே வரும். அங்கே மரம் பிழைக்காது, புல்தான் முளைக்கும். மேடெல்லாம் காடு, பள்ளமெல்லாம் புல்வெளி. தரையில் ஓரடி ஈரடி உயர வித்தியாசம்தான் இங்கே எது எங்கே வாழும் என்று தீர்மானிக்கிறது. சமவெளிக்காரர்களான நமக்கு அது கண்ணில் படுவதற்கே கொஞ்ச நேரம் ஆகும்.

மரங்களில் பாலைக்குத்தான் முதலிடம். கரிய, வெடித்த பட்டை, முறுக்கிக்கொண்ட கிளை, அடியில் நல்ல நிழல். உலக்கைக்கு ஆகிற வைரம் பாய்ந்த கட்டை. கோடையில் பழுக்கும். விரல் நுனி அளவில் மஞ்சள் பழம், நல்ல இனிப்பு, தின்றால் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பேச விடாது. நீங்கள் மே மாதத்தில் போயும் பாலப்பழம் தின்னாமல் வந்திருக்கிறீர்கள் என்பதில் எனக்கு வருத்தம். வெயிலை அனுபவித்தவர்கள் அதன் பலனையும் அனுபவித்திருக்கலாம். பாலையோடு நாவல், காயா, கொன்றை, உகா. கீழே காரை, களா, சங்கஞ்செடி. முள்ளில்லாத செடியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கஜா இந்தக் காட்டின் கூரையையும் பல இடங்களில் பிய்த்துப் போட்டது.

காட்டிலிருந்து புல்வெளிக்கு வெளியே வந்ததும் பேச்சை நிறுத்திவிடுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். வெளிமான் நிற்கும். கிடா மேலே கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றியும் வெள்ளை. தலையில் திருகிய கொம்பு. பெட்டைக்குக் கொம்பில்லை, நிறம் வெளிர் பழுப்பு. கிடா தனக்கென்று ஒரு துண்டுப் புல்வெளியை வைத்துக்கொண்டு, மூக்கை உயர்த்தி, கொம்பை முதுகில் சாய்த்துக்கொண்டு நடக்கிற நடை இருக்கிறதே, நம் ஊர்த் திருவிழாக்களில் வரும் சில பிரமுகர்கள் நினைவுக்கு வருவார்கள். மனிதனைக் கண்டால் முதலில் ஒன்று செங்குத்தாகத் துள்ளும். அப்புறம் கூட்டமே துள்ளி ஓடும். இந்த மானுக்காகத்தான் 1967இல் சுமார் 17 சதுர கிலோமீட்டர் இடத்தைச் சரணாலயமாக அறிவித்தார்கள். பிறகு பக்கத்துச் சதுப்பையும் தலைஞாயிறு காட்டையும் சேர்த்துக்கொண்டு அது பெரிதாகியது. 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றபோது, தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் நீர்நிலம் இதுதான்.

சங்கப் பாட்டுகளில் இந்த மானுக்கு இரலை என்று பெயர். முல்லை நிலத்தில் மேயும். கடலும் மணலும் நெய்தலுக்குரியவை. கோடியக்கரையில் இரலை மேய்கிற இடத்திலிருந்து பார்த்தால் மீன்பிடிப் படகு தெரிகிறது. திணைகள் ஒன்றோடொன்று கலப்பதற்கு நம் பழைய இலக்கணக்காரர்கள் இடம் வைத்திருந்தார்கள். வகுப்பில் அதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அந்தப் புல்வெளியில் நின்றபோது விளங்கியது.

மானுக்குப் பக்கத்திலேயே குதிரைகளும் மேயும். மட்டக் குதிரைகள், யாருக்கும் சொந்தமில்லை. யாரோ எப்போதோ அவிழ்த்துவிட்டவற்றின் வாரிசுகள். யார் அவிழ்த்துவிட்டது என்பதற்கு டீக்கடைக்கு ஒரு கதை இருக்கிறது, எதையும் நான் நம்பத் தயாராக இல்லை. பார்க்க அழகுதான். கடலோரத்தில் பிடரி பறக்க நிற்கிற குதிரையைப் படம் எடுக்காமல் திரும்ப யாருக்கும் மனம் வராது. ஆனால் வறட்சிக் காலத்தில் இருக்கிற கொஞ்சப் புல்லுக்கும் தண்ணீருக்கும் மானோடு போட்டி போடுவது இந்தக் குதிரைதான். அதற்கும் மேலே ஒரு எதிரி, சீமைக் கருவேலம். புல்வெளிக்குள் அது கால் வைத்துவிட்டால் புல் போய்விடும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். வேரோடு பிடுங்கினால்தான் உண்டு. காயைத் தின்னும் விலங்குகளே விதையைச் சாணத்தில் கொண்டுபோய் அடுத்த இடத்தில் போட்டுவிடுகின்றன. இந்தப் புல்வெளி இப்படியே தானாக இருந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஆட்கள் வேலை செய்துகொண்டே இருப்பதால் இருக்கிறது.

இப்போது கடல் பக்கம். காலை எட்டு ஒன்பது மணிக்குள் கரைக்கு வந்துவிட்டால் ஈர மணலில் இரவு நடந்ததெல்லாம் பதிந்திருக்கும். குதிரைக் குளம்பு, பன்றி கிளறிய இடம், நண்டு வளையைத் தோண்டிப் பார்த்த நரியின் நகம். பெரியவனுக்கு இதுதான் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தக் காலடி எதனுடையது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தண்ணீரிலிருந்து காட்டை நோக்கித் திரும்பி மெதுவாக நடங்கள். முதலில் அலை ஒதுக்கிய கோடு: சிப்பி, கடற்பாசி, அறுந்த வலை, நம் எல்லோர் வீட்டுப் பிளாஸ்டிக். அதற்கு மேலே அடும்பங்கொடி, ஆட்டுக்குளம்பு வடிவ இலையும் ஊதாப் பூவுமாக மணலைத் தைத்துப் பிடித்திருக்கும். அடுத்து இராவணன் மீசை. ஊசிப் புல், அதன் முள்ளுருண்டைக் காய் கழன்று காற்றில் கரை நெடுக உருண்டு போகும், போகிற வழியெல்லாம் விதை தூவும். சின்னவன் துரத்தட்டும், ஆனால் வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். அதற்கும் பின்னால் காட்டின் முதல் வரிசை. கடற்காற்று அதைக் கூரைச் சரிவாகச் சீவி வைத்திருக்கும். கடலைப் பார்த்த பக்கம் முழங்கால் உயரம், உள்ளே போகப் போக இடுப்பு, தோள், அப்புறம் ஆள் உயரத்துக்கு மேல். முன்வரிசைச் செடிகள் காற்றையும் உப்பையும் தாங்கிக்கொள்வதால்தான் பின்னால் இருக்கும் பாலை மரமாக முடிகிறது. நூறு இருநூறு அடிக்குள் இத்தனை படி. ஒவ்வொரு படியிலும் நின்று, இது ஏன் இதற்குக் கீழே இல்லை என்று கேட்டுக்கொண்டே போங்கள். பாதி நாள் போய்விடும்.

தை பிறந்தால் பங்குனி ஆமை முட்டையிட இந்த மணலுக்கு வரும். இரவில் ஏறி, குழி தோண்டி, நூறு முட்டை அளவில் இட்டு மூடிவிட்டுப் போய்விடும். காடு இவ்வளவு பக்கத்தில் இருப்பதன் விலையை ஆமை கொடுக்கிறது. நரியும் பன்றியும் நாயும் மோப்பம் பிடித்து வந்து தோண்டிவிடும். அதனால் வனத்துறையினர் விடிவதற்குள் முட்டைகளை எடுத்து வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறார்கள். ஒன்றரை இரண்டு மாதத்தில் குஞ்சுகள் வெளிவரும், கடலில் விடுவார்கள். நீங்கள் போகிற நாளில் விடுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள், வாய்த்தால் பிள்ளைகளுக்கு வேறு எதுவும் வேண்டியிராது.

மழைக்காலம் தொடங்கியதும் இந்தக் கரையில் ஒரு தற்காலிக ஊரே முளைக்கும். வேறு ஊர் மீனவர்கள் படகோடும் குடும்பத்தோடும் வந்து, கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்கி, பங்குனி வாக்கில் பிரித்துக்கொண்டு போவார்கள். சீசன் என்றுதான் சொல்வார்கள். காலா, வாவல், நீலக்கால் நண்டு என்று கரைக்கு வரும், மீதி கருவாடாகும். வாடை தாங்காது என்று மாமியார் முகம் சுளிக்கலாம். ஏலம் விடுகிற நேரத்தில் போனால் நிற்க ஒரு ஓரம் கிடைக்கும், ஆனால் வலை காய்கிற மணலில் செருப்புக் காலோடு மிதிக்காதீர்கள். இங்கிருந்து போகிற படகுகளுக்கு இலங்கையோடான, கண்ணுக்குத் தெரியாத கடல் எல்லைக் கோடு ஒன்று எப்போதும் எதிரில் இருக்கிறது. அதைத் தாண்ட நேர்கிறவர்களின் துயரம் தனிக் கடிதத்துக்கு உரியது.

பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு வேறு தேவைகள் உண்டு. உங்கள் மனைவி படித்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். பூங்குழலி படகு விட்டது எங்கே, வந்தியத்தேவன் புதைசேற்றில் சிக்கியது எங்கே, கொள்ளிவாய்ப் பிசாசு எரிந்தது எங்கே என்று கேட்பார். சதுப்பு மேற்கே விரிந்து கிடக்கிறது, கையைக் காட்டிவிடுங்கள். கலங்கரை விளக்கத்தைக் கேட்டால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். உயரமாகத் தெரிவது நம் காலத்துக் கோபுரம். பிரிட்டிஷார் கட்டிய குட்டையான கோபுரம் ஒன்றும் உண்டு. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட செங்கல் கட்டடத்தின் மிச்சம் கடலோரத்தில் நெடுநாள் நின்றது; 2004 சுனாமி அதைச் சிதைத்துவிட்டது. பார்க்கக் கிடைப்பது செங்கல் குவியல்தான். 1950இல் தொடர்கதையைத் தொடங்கிய கல்கிக்கு நம்மைவிட அதிகம் மிச்சம் கிடைத்திருந்தது.

இராமர் பாதத்துக்கும் போய் வாருங்கள். காட்டுக்கு நடுவே ஒரு மேடு, மேல் மண்டபம், கல்லில் பாதச் சுவடு. இராமன் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தான் என்பது நம்பிக்கை. கோடியக்கரையின் மிக உயரமான இடம் அது. உயரம் கடல் மட்டத்திலிருந்து 4 மீட்டர்! சிரிக்காமல் ஏறிப் பாருங்கள். மரங்கள் குட்டையாக இருப்பதால் அந்த உயரமே போதுமாக இருக்கிறது.

மதியம் சாப்பிட்டுவிட்டு நிழலில் படுங்கள். மூன்றரைக்கு மேல் சதுப்பு. முனியப்பன் ஏரிப் பக்கமும் உப்பளங்களை ஒட்டிய நீர்ப்பரப்பிலும் பறவைகள் இருக்கும். தூரத்தில் வெளிர்சிவப்புக் கோடாகத் தெரிவது பூநாரை. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் விட்டு, சேற்றுநீரை வடிகட்டித் தின்னும். குஜராத்தின் கட்ச் உப்புவெளியில் இனம் பெருக்கும் பறவை. அதைப் பார்த்ததும் எல்லோரும் திருப்தி அடைந்து கிளம்பிவிடுகிறார்கள், அங்கேதான் எனக்கு வருத்தம். அதன் காலடியில், சேற்றின் நிறத்திலேயே, நூற்றுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் உள்ளான்களைப் பாருங்கள். கொசு உள்ளான் என்று ஒன்று. எடை இருபது முப்பது கிராம். சைபீரியத்தின் வட கோடியில், ஆர்க்டிக் கரையில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து சேற்றைக் கொத்திக்கொண்டிருக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விட்டுவருகிறார்கள். சாலிம் அலியே வந்து வேலை செய்த இடம். இரவல் வாங்கியாவது ஒரு பைனாகுலர் கொண்டுபோங்கள். இல்லாமல் போவது வீண்.

திரும்பும் வழியில் அகஸ்தியம்பள்ளியில் நிறுத்துங்கள். உங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த இடத்தோடு ஒரு பந்தம் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் கிளம்பிய தொண்டர்கள் தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக நடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30ஆம் தேதி இங்கே உப்பெடுத்துச் சட்டத்தை மீறினார்கள். அவர்களுக்குச் சோறு, தண்ணீர், தங்க இடம் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். சோற்றுப் பொட்டலத்தைச் சாலையோர மரக்கிளையில் கட்டிவிட்டால் யார் கொடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நம் ஜனங்கள் அதைத்தான் செய்தார்கள். வேதாரண்யத்தில் அந்த ஊர்க்காரரான வேதரத்தினம் பிள்ளை தொண்டர்களுக்கான ஏற்பாடுகள் எல்லாவற்றையும் துணிந்து ஏற்றுக்கொண்டு நின்றார். போலீஸ்காரர் ஒருவருக்குப் பாதி சவரத்தில் கத்தியை மடக்கிவிட்டுச் சிறைக்குப் போன சவரத் தொழிலாளி வைரப்பனுக்கும் ஊரில் நினைவுத் தூண் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ராஜாஜியைவிட அவர் கதைதான் பிடிக்கும்.

அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்த இடத்தில் இருக்கும் நினைவுத் தூணைச் சுற்றி உப்பளங்கள் இன்றும் நடக்கின்றன. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடி உப்பு விளைவது இங்கேதான். ஆனால் மார்கழியில் பாத்திகளில் மழைத் தண்ணீர் நிற்கும். உப்பு வாருவதைப் பார்க்க வேண்டுமானால் கோடையில்தான் வர வேண்டும். அதற்காக மட்டும் மே மாதத்தை உங்களுக்குச் சிபாரிசு செய்யலாம்.

உங்கள் யோசனைக்கு வருகிறேன். கழிப்பறை, குடிதண்ணீர், சாவடியில் ஒரு நல்ல வரைபடம், எந்த மாதம் என்ன பார்க்கலாம் என்ற ஒரு பலகை: இவை வேண்டும் என்று நீங்கள் எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். விளக்குப் போட்ட நடைபாதைக்கு மாட்டேன். முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக் குஞ்சு, வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம்தான் போகும். இருட்டுக் கரையில் அது கடல். நடைபாதை விளக்கு எரிந்தால் குஞ்சு ஊருக்குள் போய் நாயிடம் மாட்டும். ஓட்டல் கட்ட மணல் மேட்டைச் சமன் செய்வார்கள்; மேடு போனால் அடியில் உள்ள நல்ல தண்ணீர் போகும், அந்த ஓட்டலுக்கே குடிக்க லாரித் தண்ணீர் வர வேண்டும். படகுச் சவாரிக்குச் சதுப்பில் மோட்டார் விட்டால் பூநாரை எழுந்து போய்விடும், அப்புறம் சவாரி எதைப் பார்க்க? தங்க வேண்டுமானால் வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது, முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேதாரண்யத்தில் அறை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஒரு தொலைவா?

போய்வந்து எழுதுங்கள். மறுபடியும் ஒன்றுமில்லை என்றே எழுதினாலும் சரி. ஆனால் எந்த மாதம், எத்தனை மணிக்குப் போனீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்

பி.கு.: தை அமாவாசையன்று போக வேண்டாம். கடலாடுவதற்கு ஊர் ஊராகக் கூட்டம் வரும். சாவடிக்கு அந்தப் பக்கம் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது. குரங்கு விஷயம்: சிப்ஸ் பொட்டலத்தைக் காரிலேயே வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.